ஒரு நிமிஷம் மேடம்

பிள்ளைகள் அவருக்கு வைத்த பேர் அது. சொந்தப் பேர் எனக்குத் தெரியும், ஆனால் எழுத மாட்டேன். எழுதினால் அதை யாராவது படித்து, அதனால் யாருக்காவது ஏதாவது வந்துவிடுமோ என்று அதற்கும் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்ட மனுஷி.

நான் கீழ்க்கட்டளைப் பக்கம் ஒரு அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தேன். பிள்ளைகளுக்கும் நான் ஆயா, டீச்சர்களுக்கும் ஆயா. என் கைச் சாம்பாரை வேண்டாம் என்று தட்டை நகர்த்திய பிள்ளை கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய், பெருமைக்கும்தான் சொல்கிறேன். அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் என் சாம்பார் பிள்ளைகள் வயிற்றுக்குப் போகாமல் குழிக்குப் போனது. அதையும் நான்தான் கொட்டினேன். அந்த நாளைச் சொல்ல வேண்டுமென்றால் அவரைச் சொல்லியாக வேண்டும்.

கொரோனா முடிந்து பள்ளிக்கூடம் மறுபடி திறந்த சமயம். சமையல் கூடத்துக்குப் பின்னால் மதில் சுவர் வரைக்கும் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. உடைந்த பெஞ்சுகள், முள்ளுப் புதர், சுவருக்கு மேலிருந்து யாரோ எறிந்த பாட்டில்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கழிவுநீர்க் கால்வாய். ஒரு சனிக்கிழமை சிறுசேரியில் வேலை செய்கிற கம்ப்யூட்டர் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நிறப் பனியன் போட்டுக்கொண்டு வண்டியில் வந்து இறங்கினார்கள். புதரை வெட்டினார்கள், பாத்தி கட்டினார்கள், செடி நட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், பிரியாணிப் பொட்டலம் தின்றார்கள், போய்விட்டார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் செடிக்கு ஞாயிற்றுக்கிழமையும் தாகம் எடுக்குமே. கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் போய்க் கேட்டார்கள். அங்கிருந்து வந்தவர் இவர் ஒருத்தர்தான்.

காலைப் பிரேயரில் எச்.எம். டீச்சர் இவரைப் பக்கத்தில் நிறுத்தி, இவர்தான் நம் பள்ளிக்கூடத் தோட்டத்துக்குப் பார்ட்னர் என்று சொன்னார். எனக்குத் தெரிந்து பார்ட்னர் என்றால் கோழிக்கடையில் இருப்பார்கள், லாபத்தில் பாதி கேட்பார்கள். இந்தப் பார்ட்னர் நஷ்டத்தில் மட்டும் பங்கு வாங்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயசு இருக்கும். ஒல்லி உடம்பு. வெயிலுக்கு ஒரு துணித் தொப்பி, காலில் கேன்வாஸ் ஷூ, தோளில் அவர் கனத்துக்குப் பாதி இருக்கிற ஒரு பை.

பிரேயர் முடிந்து சமையல் கூடத்துப் பக்கம் வந்தபோது எச்.எம். சொன்னது என் காதில் விழுந்தது.

"மேடம், தோட்டம் போடுங்க, பிள்ளைங்களை வெளியில கூட்டிட்டுப் போய் மரம் மட்டை காட்டுங்க, எல்லாம் நல்லதுதான். ஆனா ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அன்னைக்கே பூட்டிடுவேன். நான் ரிட்டயர் ஆகப் போறவ."

எச்.எம். கெட்டவர் இல்லை. ஒரு பெரிய பள்ளிக்கூடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறவர், கீழே விழுந்தால் யார் மேல் பழி வரும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஏற்கெனவே பயந்த மனுஷி கையில் போய் அந்தப் பூட்டையும் கொடுத்துவிட்டார். "சரி மேடம்" என்று சொன்ன இவருக்கு உதடு காய்ந்துபோனது.

வியாழக்கிழமைதோறும் வருவார். தன்னிடம் இருந்த சாவியால் தோட்டத்துத் தட்டிக் கதவைத் திறந்ததும் வலது கை தானாக மேலே போகும். உள்ளங்கையைப் பிள்ளைகள் பக்கம் காட்டி, "ஒரு நிமிஷம்" என்பார். வரிசை நிற்கும். இவர் ஒரு மூங்கில் கழியால் தரையைத் தட்டிக்கொண்டே தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி வருவார். பாம்புக்காக. பையிலிருந்து டார்ச்சு லைட்டை எடுத்து அவரைக்காய்ப் பந்தலுக்கு அடியில் அடித்துப் பார்ப்பார், பட்டப்பகலில். பிறகுதான் பிள்ளைகள் உள்ளே கால் வைக்கலாம். அவர் இருந்தவரை அங்கே ஒரு பாம்பும் வரவில்லை. தட்டியதால் வரவில்லையா, இல்லாததால் வரவில்லையா, இதை யாரிடம் போய்க் கேட்பது?

கத்திரிச்செடிக்கு முள் உண்டு, ஒரு நிமிஷம். குழாய்த் தண்ணீர் சுடும், ஒரு நிமிஷம். கொய்யா இலையில் பூச்சி இருக்கும், ஒரு நிமிஷம். இப்படி ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம். பிள்ளைகள் கண்ணாமூச்சி விளையாடும்போது பிடிபடப் போகிறவன் கையைத் தூக்கி "ஒரு நிமிஷம்" என்பான், மற்றதுகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அவர் காதிலும் விழுந்திருக்கும்.

அதே மனுஷி மண்ணில் உட்கார்ந்துவிட்டால் வேறே ஆள். எறும்பு எங்கே போகிறது பார் என்று அதன் பின்னாலேயே பிள்ளைகளைத் தவழவிடுவார். மண்புழுவை உள்ளங்கையில் எடுத்து வைத்து, பயப்படாதே, அதற்குத்தான் உன்னைப் பார்த்தால் பயம் என்பார். புழு இருக்கிற மண் உயிரோடு இருக்கிற மண் என்று சொல்லிக்கொடுத்திருந்தார். வியாழக்கிழமை ஆனால் பிள்ளைகள் முதலில் பாத்தி ஓரத்தைக் கிளறிப் புழுக்களை விசாரித்துவிட்டுத்தான் மற்ற வேலை. பாடத்தில் வாயைத் திறக்காத பிள்ளைகள்கூட அங்கே பேசிக்கொண்டே இருக்கும்.

எனக்கும் அவருக்கும் முதலில் ஒத்துவரவில்லை. வியாழக்கிழமை சாதமும் சாம்பாரும். தோட்டத்துக் கீரையைப் பிள்ளைகள் பறித்துக் கழுவிக் கூடையில் கொண்டுவந்து கொடுக்கும், நான் சாம்பாரில் போடுவேன். முதல் தடவை கூடை வந்தபோது கூடவே இவரும் வந்தார். என் சமையல் கூடத்து வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு தண்டாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பார்த்து முடித்து ஒரு இலையைப் பச்சையாக வாயில் போட்டு மென்றார். மென்றுவிட்டுச் சும்மா நின்றார். எதற்கு நிற்கிறார் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. தனக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்க்கிறார்.

எனக்குச் சுருக்கென்றது. "இன்னாம்மா பாக்கறீங்க? நான் இன்னா நேத்துதான் அடுப்பு பத்த வச்சேனா?"

"ஐயோ அக்கா, உங்களைச் சொல்லல. உங்க மேல எனக்குச் சந்தேகமே இல்ல."

"அப்ப கீரை மேல சந்தேகமா? அது நீங்க வச்ச கீரைம்மா."

"அதான்க்கா பயமா இருக்கு."

எனக்கு உதவியாக இருந்த சாந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கதை வேண்டும். இந்தம்மா பெற்ற பிள்ளை ஏதோ தண்ணியில போயிருக்கும், இல்லாவிட்டால் இப்படி யாராவது இருப்பார்களா என்று எனக்குள் ஏற்றிவிட்டாள். எனக்கு மனசு இளகிப்போனது. ஒரு நாள் அவருக்கு டீ கொடுத்துவிட்டுக் கேட்டே விட்டேன். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யோசித்தார். ஒரே பையன், வெளிநாட்டில் நன்றாக இருக்கிறான். வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார். அப்பா அம்மா வயசாகித்தான் போனார்கள். சின்ன வயசிலிருந்தே தான் இப்படித்தான் என்று சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் நடந்ததே இல்லக்கா. அதான் பயம்."

எனக்கு நடக்காதது எதுவும் பாக்கியில்லை, நான் படுத்தால் தூங்கிவிடுவேன். இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன்.

பறவை பார்க்க ஏரிக்குப் போன நாளையும் சொல்ல வேண்டும். பெரிய வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காலையில் நடந்தே போனோம். துணைக்குப் பெரிய ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார். ஒரு நீளக் கயிற்றில் இடம் விட்டு இடம் விட்டு முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தார், ஒரு முடிச்சுக்கு ஒரு பிள்ளை. முடிச்சை விட்டால் ஏரி கிடையாது. மேடவாக்கம் ரோட்டைத் தாண்ட வேண்டிய இடத்தில் இவர் நடு ரோட்டில் இறங்கி இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு எதிரில் நின்றார். டிரைவர் தலையை வெளியே நீட்டி, இன்னாம்மா, வூட்ல சொல்லிட்டு வந்தியா என்று கத்தினார். இவர் அசையவில்லை. கடைசி முடிச்சு தாண்டியபிறகுதான் கையை இறக்கினார்.

கரையில் நின்றால் தண்ணீர் ஒரு பக்கம் ஆகாயத்தாமரை, ஒரு பக்கம் வெளிச்சம். கூழைக்கடா நாலைந்து மிதந்துகொண்டிருந்தது. கட்டிட வேலை நடக்கிற இடத்துச் சிமெண்டு மூட்டை மாதிரி பெரிய பறவை. அவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டு அது எழும்பிப் பறந்தபோது பிள்ளைகள் கயிற்றோடு சேர்ந்து ஓவென்று கத்தின. நானும் வாயைப் பிளந்து நின்றேன். திரும்பிப் பார்த்தால் இவர் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். கண் பிள்ளைகள் காலிலேயே இருக்கிறது, கரை எங்கே வழுக்குகிறது, எந்தக் கால் முன்னால் போகிறது என்று. திரும்பி வரும் வழியில் கூழைக்கடா பறந்ததே, பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"இல்லக்கா," என்றார். கொஞ்சதூரம் நடந்தபிறகு, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

வீட்டுக்குப் போய்ப் படுத்தபிறகும் அந்தக் கேள்வி என்னோடு இருந்தது.

அடுத்த மழைக்காலம். கால்வாய்க்கு அந்தப் பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. டயரில் தண்ணி நிற்கிறதா, தொட்டி மூடியிருக்கிறதா என்று வீடு வீடாக வந்து பார்த்தார்கள். இவர் புதன்கிழமையே வந்து தோட்டத்தில் இருந்த செடித்தட்டு ஒவ்வொன்றையும் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். ராத்திரி தூறல் போட்டிருந்தது. மறுநாள் வியாழக்கிழமை.

அன்றைக்கு அவர் வரும் நேரத்துக்கு வரவில்லை. வேறே வேலையாகப் போய்த் திரும்பும்போது ரேடியல் ரோட்டில் தண்ணீர் நின்று வண்டிகள் நகரவில்லை என்று பிற்பாடு சொன்னார். பிள்ளைகளுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. ஒரு டீச்சர் ஆபீஸில் இருந்த இன்னொரு சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட, கீரையைப் பறித்து அலசி என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டன. நானும் வழக்கம்போல ஆய்ந்து, கழுவி, சாம்பாரில் போட்டேன். மணம் நன்றாக வந்தது. பரிமாறுவதற்கு முன்னால் சமைத்தவள் ருசி பார்க்க வேண்டும், டீச்சர் ஒருத்தரும் பார்க்க வேண்டும், அது சட்டம். டீச்சர் வகுப்பில் இருந்தார், வருகிறேன் என்று சொல்லியனுப்பினார். நான் அன்றைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு வந்தவள். ருசி பார்க்கிற சாக்கில் ஒரு கிண்ணத்தில் சோறு போட்டுச் சாம்பாரை ஊற்றி நின்றுகொண்டே சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

டீச்சர் வருவதற்குள் பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்துவிட்டன. சோறு விழுந்துவிட்டது. சாந்தி சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு முதல் வரிசைக்குப் போனாள். அப்போதுதான் இவர் ஓடிவந்தார். ஓடி நான் பார்த்ததில்லை. தொப்பி கழுத்துக்குப் பின்னால் தொங்குகிறது, முழங்கால் வரைக்கும் சேறு. சாந்திக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நின்றார், அன்றைக்குப் பஸ்ஸுக்கு எதிரில் நின்றாரே, அதே மாதிரி. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆனால் என்ன சொல்கிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். இரண்டு மூன்று களுக்கென்று சிரித்தன.

எனக்குக் கோபம் வந்தது. சோறு ஆறுகிறது, பிள்ளைகள் பசியில் இருக்கின்றன, இன்றைக்குமா என்று அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். அந்தக் கை ஜில்லென்று இருந்தது.

"அக்கா, கீரைப் பாத்தியில புழு எல்லாம் மேல வந்து செத்துக் கிடக்கு. எறும்பும். ஏதோ வாசனை வருது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொசு மருந்து அடிச்சிருக்காங்க போல."

நாலாம் வகுப்புப் பெண்ணொருத்தி கேட்டில் நின்று, மிஸ், இன்னைக்கு மண்புழு எல்லாம் வெளியில தூங்குது என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டுத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

நான் சாந்தி கையிலிருந்து வாளியை வாங்கிக் கீழே வைத்தேன். அதற்குள் எச்.எம். வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். மழை பெய்தால் புழு மேலே வரத்தானே செய்யும் என்றார். அதுவும் நியாயம்தான், வரும். வெயில் பட்டால் சாகும்.

"மேடம், மருந்துதான்னு நிச்சயமா சொல்ல முடியுமா?"

"முடியாது."

"முடியாதுன்னா எப்படி? பிள்ளைங்க தட்டை வச்சுட்டு உக்காந்திருக்காங்க."

"தெரியல மேடம். எனக்குத் தெரியல. ஆனா போட வேணாம்."

எச்.எம். என் பக்கம் திரும்பி, ருசி பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன், நல்லாத்தான் இருந்தது, ஒரு கிண்ணம் சோறே சாப்பிட்டேன் என்றேன். அவர் முகம் தெளிந்தது. இந்தம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதுவரைக்கும் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்தார். ஒரு தட்டு கீழே விழுந்து உடைவதைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

கொட்டலாமா வேண்டாமா என்று அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் வாளியில் இருந்ததையும் அண்டாவில் ஊற்றி, அண்டாவைத் துணி வைத்துப் பிடித்துவிட்டேன். இவர் சொன்னது நிஜமா என்று எனக்குத் தெரியாது. எச்.எம். சொன்னது நிஜமா என்றும் தெரியாது. தெரியாத ஒன்றை என் கையால் பிள்ளை தட்டில் ஊற்ற மாட்டேன், அவ்வளவுதான். ஒரு பக்கத்துப் பிடியைச் சாந்தியிடம் கொடுத்துப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போனேன். எச்.எம். ஆயா, ஆயா என்றார். "நான் வச்ச சாம்பாரு டீச்சர். கொட்டறதுன்னா நான்தான் கொட்டணும்" என்று சொல்லிவிட்டுக் குப்பைக் குழியில் கவிழ்த்தேன். பருப்பும் கீரையும் ஆவி பறக்க மண்ணில் இறங்கியது. அதைச் சாப்பிட்டவள் நான் ஒருத்திதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிள்ளைகள் வெறும் சோற்றில் முட்டையைப் பிசைந்து சாப்பிட்டன. ரசம் இல்லையா என்று ஒருத்தன் கேட்டான்.

இவர் என்னை இழுத்துக்கொண்டு போய் வேப்ப மரத்தடியில் பெஞ்சில் உட்காரவைத்தார். அவர் குடியிருப்பில் இருக்கிற ஒரு டாக்டருக்குப் போன் போட்டார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னாராம். நான் மாட்டேன் என்றேன். ஆயா ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்றால் சாயங்காலத்துக்குள் சத்துணவில் விஷம் என்று பல்லாவரம் வரைக்கும் பேசுவார்கள். இத்தனை வருஷம் நெருப்பு முன்னால் நின்று சம்பாதித்த பேர். கெஞ்சினார். அழுதார். நான் அசையவில்லை. கடைசியில் ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டு கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தார், ஒரு குறி தெரிந்தாலும் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு.

என்ன குறி என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வேர்க்கும், வாயில் எச்சில் ஊறும், கண் மங்கும், வயிறு முறுக்கும் என்றார். எனக்கு வேர்த்துக்கொண்டுதான் இருந்தது. அடுப்படியில் நிற்கிறவளுக்கு என்றைக்குத்தான் வேர்க்கவில்லை? எச்சில் என்றதும் எச்சில் ஊறியது. முழுங்கினேன், மறுபடி ஊறியது. எதிரில் கொடிக்கம்பம் தெளிவாகத் தெரிகிறதா, நேற்றும் இப்படித்தான் தெரிந்ததா? என் உடம்பை நான் அவ்வளவு உற்றுப் பார்த்ததே இல்லை. அவர் ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் டார்ச்சு அடித்து என் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தம்மா தினமும் இப்படியா உள்ளுக்குள் இருக்கிறார் என்று அப்போது தோன்றியது. ஒரு மத்தியானத்துக்கே எனக்கு உயிர் போகிறதே.

நடுவில் எச்.எம். மருந்து அடிக்கிற ஆட்களின் மேஸ்திரியை வரவழைத்திருந்தார். அவன் கால்வாய்க்குத்தான் அடித்தோம் என்றான். காற்றில் இந்தப் பக்கம் வந்திருக்குமா என்று கேட்டதற்கு, வந்தாலும் வந்திருக்கும், வராமலும் இருந்திருக்கும் என்றான். அவனோடு வந்த ஆள், அன்றைக்கு மருந்தே அடிக்கவில்லை, கொசுப் புழு சாக எண்ணெயில் ஊறவைத்த மரத்தூள் பந்துதான் தண்ணியில் போட்டோம் என்றான். இரண்டு பேரும் அங்கேயே சண்டை போட்டுக்கொண்டார்கள்.

அப்போது குழிப் பக்கம் ஒரு தெருநாய் வந்தது. சாம்பார் வாசனை. எச்.எம்., டீச்சர்கள், மேஸ்திரி எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார்கள். யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை, ஆனால் எல்லார் மனசிலும் என்ன என்று எனக்குத் தெரியும். அது தின்னட்டும், பார்க்கலாம். நாய் செத்தால் இந்தம்மா சொன்னது நிஜம். சாகாவிட்டால் என் சாம்பார் நல்ல சாம்பார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நாய் மூக்கைக் குழியில் நீட்டியது. இவர் என் கையை விட்டுவிட்டு, அந்த மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு ஓடினார். நாயை கேட் வரைக்கும் துரத்திவிட்டு, மண்வெட்டியை எடுத்துக் குழியை மூடினார். மூச்சு வாங்க மூடினார். மூடிவிட்டு வந்து மறுபடி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

பள்ளிக்கூடம் விட்டது. பிள்ளைகள் சொல்லிக் கேள்விப்பட்டுத் தாய்மார்கள் கேட்டுக்கு வெளியில் கூடிவிட்டார்கள். சில பேர் உள்ளேயே வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். வெயில் இறங்கிவிட்டது. எச்.எம். குனிந்து இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"நல்லாத்தான் கீறேன் டீச்சர்."

சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தேன். நான் சாக வேண்டும் என்று நினைத்தவர்கள் அங்கே யாரும் இல்லை, எல்லாரும் நல்ல ஜனங்கள். ஆனாலும் நான் ஒரு வாந்தியாவது எடுத்திருந்தால் அவர்களுக்கு விஷயம் முடிந்திருக்கும். கொட்டின சாம்பாருக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஒரு தாய், சும்மா பேஜார் பண்ணிட்டாங்கப்பா என்று சொன்னது கேட்டது.

எச்.எம். இவர் பக்கம் திரும்பினார். கத்தவில்லை. தன்மையாகத்தான் சொன்னார். "மேடம், பிள்ளைங்க சாப்பாட்டுல வந்து நிக்குது விஷயம். ஒண்ணும் இல்லாததுக்கு இவ்வளவு. இனிமே வேணாம்."

ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் பூட்டுவேன் என்று சொன்னவர், யாருக்கும் ஒன்றும் ஆகாததற்குப் பூட்டினார். டீச்சர், கொட்டினது நான் என்று நான் எழுந்தேன். நீங்க சும்மா இருங்க ஆயா என்று உட்காரவைத்துவிட்டார். இவர் வாதாடுவார் என்று பார்த்தேன். இரண்டு வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்த தோட்டம். புழுவைக் காட்டலாம், அந்த மேஸ்திரி உளறியதைச் சொல்லலாம். பையைத் திறந்து தோட்டத்துச் சாவியை எடுத்தார், எச்.எம். கையில் கொடுத்தார், சரி மேடம் என்றார். அந்த இடத்தில் இப்போது டீச்சர்களின் வண்டிகள் நிற்கின்றன. அவர் அதன்பிறகு வரவில்லை. குடியிருப்பில் விசாரித்தேன், வீட்டைக் காலிசெய்துகொண்டு போய்விட்டார்கள் என்றார்கள்.

அன்றைக்குச் சாவியைக் கொடுத்தபிறகும் அவர் உடனே போகவில்லை. கூட்டம் கலைந்தபிறகு என் முன்னால் மண்ணிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தார். என் கண்ணின் கீழ் இமையை இழுத்து இன்னொரு தடவை டார்ச்சு அடித்தார். எச்சில் ஊறுகிறதா என்றார். இல்லை என்றேன். கண் தெளிவாகத் தெரிகிறதா என்றார். தெரிகிறது என்றேன்.

"நிச்சயமாக்கா?"

"உங்க மூக்கு மேல சேறு ஒட்டிகினு கீது. அதுகூடத் தெரியுது."

புறங்கையால் மூக்கைத் துடைத்தார். சேறு இன்னும் பரவியது. பிறகு சிரித்தார். அந்த இரண்டு வருஷத்தில் அவர் பல்லை நான் பார்த்தது அப்போதுதான்.

"நல்லவேளைக்கா," என்றார். "நான் சொன்னது தப்பாப் போச்சு."

தோட்டம் போனது, பேர் போனது, பைத்தியக்காரப் பட்டம் கட்டியாயிற்று. அதெல்லாம் அவர் முகத்தில் இல்லை. கால் இரண்டையும் நீட்டி மண்ணில் உட்கார்ந்துவிட்டார், வேலை முடிந்தவர் மாதிரி.

அந்நேரம் மேலே நிழல் போயிற்று. கூழைக்கடா, ஒரு கூட்டம், பள்ளிக்கரணை சதுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. இறக்கையை அடிக்காமல், சும்மா விரித்துவைத்துக்கொண்டு. மேல பாருங்க என்று அவர் தோளைத் தட்டினேன். அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டிருப்பதற்குக் கீழே ஒரு பிள்ளையும் இல்லை, பார்த்தார்.

கேட்டில் ஆட்டோக்காரன் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தான். அவர் எழுந்திருக்கப் போனார். நான் அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஆட்டோ பக்கம் தூக்கிக் காட்டினேன்.

"ஒரு நிமிஷம் இருப்பா."